போனதா, போயிருக்குமா? குளத்துப் பக்கம் காணாமல் போன கோல்ஃப் பந்துக்கு என்ன செய்வது

முதல் அடி அடிக்கும் இடமான டீயில் நின்று அடிக்கிறீர்கள். பந்து நன்றாகத்தான் படுகிறது, ஆனால் பாதி வழியில் இடப்பக்கம் வளைந்து, குளக்கரையில் இடுப்பளவு வளர்ந்திருக்கும் புல்லுக்கு மேலே ஒரு கணம் தெரிந்துவிட்டு மறைகிறது. சத்தம் கேட்கவில்லை. தண்ணீரில் அலையும் எழவில்லை. கூட ஆடுகிறவர் நல்ல மனசோடு, "தண்ணிக்குள்ள போயிருக்கும், அங்கே போய் டிராப் பண்ணிக்கலாம்" என்கிறார். நீங்களும் தலையாட்டிவிட்டு நடக்கத் தொடங்குகிறீர்கள். புதிதாக ஆட வருகிறவர்களில் பெரும்பாலோர் தவறு செய்வது இந்த இடத்தில்தான், அதுவும் தவறு என்றே தெரியாமல்.

தமிழில் "போனது" என்பதற்கும் "போயிருக்கும்" என்பதற்கும் இருக்கிற வித்தியாசம்தான் இந்த விதி முழுவதும். பந்து தண்ணீருக்குள் போனது என்று சொல்ல முடிந்தால், குளத்தருகிலேயே ஒரு அபராத அடியோடு வேறு பந்தை டிராப் செய்து, அதாவது கையிலிருந்து தரையில் விட்டு, ஆட்டத்தைத் தொடரலாம். போயிருக்கும் என்று மட்டும்தான் சொல்ல முடிகிறது என்றால் அது தொலைந்த பந்து. அடித்த இடத்துக்கே திரும்பிப் போய், அதே ஒரு அபராத அடியோடு மறுபடி அடிக்க வேண்டும். அபராதம் இரண்டிலும் ஒன்றுதான், ஆனால் தொலைந்த பந்துக்கு நீங்கள் கடந்து வந்த தூரமும் சேர்ந்து போய்விடுகிறது. இருநூறு கஜம் என்பது சின்ன விஷயம் இல்லை.

கோல்ஃப் விதிகளை ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் இருக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பும் அமெரிக்காவின் யூஎஸ்ஜிஏவும் சேர்ந்து எழுதுகின்றன. 2019இல் அவற்றைப் பெரிய அளவில் மாற்றி எழுதினார்கள். அதுவரை "வாட்டர் ஹசார்ட்" என்று இருந்தது அப்போதுதான் "பெனால்டி ஏரியா" ஆனது. பெயர் மாறியதற்குக் காரணம் உண்டு: குளம், ஓடை மட்டும் இல்லாமல், புதர்க்காடு, பாறைச் சரிவு, வறண்ட பள்ளம் என்று தண்ணீரே இல்லாத இடங்களையும் மைதானக் குழு அப்படிக் குறித்துவைக்கலாம். பழைய ஆட்டக்காரர்கள் இன்னும் ஹசார்ட் என்றுதான் சொல்வார்கள், அதனால் குழம்ப வேண்டாம். 2008க்கு முன்னால் "நியாயமான ஆதாரம்" இருந்தாலே போதும் என்று விதி சொன்னது. அந்த ஆண்டு அதை இறுக்கி, "தெரிந்திருக்க வேண்டும், அல்லது ஏறக்குறைய உறுதியாக இருக்க வேண்டும்" என்று மாற்றினார்கள். இன்றைய விதிப் புத்தகம் இதற்கு எண்ணே கொடுக்கிறது: குறைந்தது 95 சதவீதம். அதாவது இருபதில் ஒரு பங்குக்கு மேல் சந்தேகம் இருந்தால் அது உறுதி ஆகாது.

சரி, இனி வரிசையாகப் பார்ப்போம்.

முதல் வேலை ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே இருக்கிறது. பந்தில் பேனாவால் உங்களுக்கென்று ஒரு அடையாளம் போடுங்கள். இரண்டு புள்ளி, ஒரு கோடு, எதுவாகவும் இருக்கட்டும். குளக்கரைப் புல்லில் உங்கள் பிராண்டிலேயே, உங்கள் எண்ணிலேயே பழைய பந்துகள் கிடக்கும். எது உங்களுடையது என்று அடையாளம் காட்ட முடியாவிட்டால், கையில் பந்து இருந்தாலும் அது தொலைந்த பந்துதான். அப்புறம் ஸ்கோர்கார்டின் பின்பக்கம் இருக்கும் உள்ளூர் விதிகளை ஒரு முறை படித்துவிடுங்கள். அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பந்தை அடித்தவுடன் நகராதீர்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு வருத்தப்படவும் வேண்டாம். கடைசி நொடி வரை பந்தைப் பாருங்கள். அது மறைந்த இடத்துக்கு நேர் பின்னால் ஒரு மரமோ கம்பமோ இருந்தால் அதை மனசில் குறித்துக்கொள்ளுங்கள். நடந்து போகும்போது கோணம் மாறிவிடும், அந்த ஒரு மரம்தான் கைகொடுக்கும். கூட ஆடுகிறவர்களிடம் அங்கேயே கேளுங்கள், ஆனால் "எங்கே போச்சு?" என்று மட்டும் கேட்காதீர்கள், "விழுந்ததை நீங்கள் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு ஊகம் பதிலாக வரும். இரண்டாவதற்குப் பார்த்தேன், பார்க்கவில்லை என்று நேராக வரும்.

அடுத்தது புரவிஷனல் பந்து. நேரத்தை மிச்சப்படுத்த விதி கொடுத்திருக்கும் பெரிய வசதி இது, புதியவர்கள் கூச்சத்தால் இதைப் பயன்படுத்துவதே இல்லை. உங்கள் பந்து பெனால்டி ஏரியாவுக்கு வெளியே, உதாரணமாக அந்தக் கரையோரப் புல்லில், தொலைந்திருக்கக் கூடும் என்று நினைத்தால், தேடப் போவதற்கு முன்பே அதே இடத்திலிருந்து இன்னொரு பந்தை அடித்து வைத்துக்கொள்ளலாம். முதல் பந்து கிடைக்காவிட்டால் திரும்பி நடக்க வேண்டியதில்லை. ஒரே நிபந்தனை, அடிப்பதற்கு முன்னால் "புரவிஷனல் அடிக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "இன்னொன்று அடித்துப் பார்க்கிறேன்" என்பது போதாது. சொல்லாமல் அடித்தால் அந்த இரண்டாவது பந்துதான் அந்த நிமிடம் முதல் உங்கள் பந்து. முதல் பந்து ஃபேர்வே (டீக்கும் குழிக்கும் இடையே ஒட்ட வெட்டிய புல்பாதை) நடுவில் கிடந்தாலும் அதைத் தொட முடியாது.

இதில் ஒரு எல்லை உண்டு. சுற்றிலும் வெட்டிய புல், பந்து குளத்தின் நடுவில் விழுந்ததை எல்லாரும் பார்த்தார்கள், வேறு எங்கும் இருக்கவே முடியாது என்றால் புரவிஷனலுக்கு இடம் இல்லை. அப்போது டீயிலிருந்து மறுபடி அடித்தால், நீங்கள் எந்தப் பெயர் சொல்லி அடித்தாலும், அபராதத்தோடு ஆட்டத்தில் இருக்கும் பந்து அதுதான். சில மைதானங்களில் இந்த நிலையிலும் புரவிஷனல் போல அடித்துக்கொள்ள உள்ளூர் விதி அனுமதிக்கும். கார்டில் எழுதியிருந்தால்தான் அது செல்லும்.

இப்போது தேடல். மூன்று நிமிடம், அவ்வளவுதான். 2019 வரை ஐந்து நிமிடமாக இருந்தது. நீங்களோ உங்கள் பையைத் தூக்கி வரும் கேடியோ தேடத் தொடங்கிய நொடியிலிருந்து கணக்கு. கூட ஆடுகிறவர் முன்னாலேயே போய்த் துழாவிக்கொண்டிருந்தால் அது சேராது. ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். தேட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, ஆனால் தேடாமல் "தண்ணீருக்குள்தான்" என்று முடிவு செய்ய உங்களிடம் வேறு நல்ல ஆதாரம் இருக்க வேண்டும்.

முடிவெடுப்பதுதான் முக்கியமான படி, இங்கே அவசரப்படாதீர்கள். தண்ணீர் தெறித்ததை நீங்களோ, கூட ஆடுகிறவரோ, பக்கத்து ஹோலில் (டீயிலிருந்து குழி வரையான ஒரு ஆட்டப்பகுதி) ஆடுகிற வேறு யாராவதோ பார்த்திருந்தால் பிரச்சினையே இல்லை. தெறித்ததை யாரும் பார்க்காமலும் உறுதி வரலாம். பந்து குளத்துக்குச் சற்று முன்னால் தரையில் விழுந்து உருண்டதைப் பார்த்தீர்கள், அந்த இடம் குளத்தை நோக்கிச் சரிகிறது, புல் ஒட்ட வெட்டியிருக்கிறது, போய்ப் பார்த்தால் அந்தச் சரிவில் பந்து இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பந்து ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. ஆகவே அது உள்ளேதான் போனது. இதை ஊகம் என்று சொல்ல முடியாது, வேறு வழி எதுவும் மிஞ்சவில்லை என்ற முடிவு இது.

அதே குளம், அதே அடி, ஆனால் கரையில் முழங்கால் உயரத்துக்குப் புல் நிற்கிறது, அந்தப் புல்லில் பாதி பெனால்டி ஏரியாவின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. கதை மாறிவிட்டது. பந்து புல்லிலும் இருக்கலாம், தண்ணீரிலும் இருக்கலாம். புதர், சருகுக் குவியல், பந்து புதைந்துபோகும் சேறு இவையெல்லாம் எல்லைக்கு வெளியே இருந்தாலும் இதே நிலைதான். "புல்லில் தேடினோம், கிடைக்கவில்லை, அதனால் தண்ணீரில்தான்" என்று நிறையப் பேர் வாதம் செய்வார்கள். உயரமான புல்லில் பந்து கிடைக்காமல் போவது சாதாரணம். கிடைக்கவில்லை என்பது தண்ணீருக்குச் சாட்சி ஆகாது. எனக்கு உதவுகிற ஒரு சோதனை: அந்தக் குளத்தை மனசிலேயே மண் போட்டு மூடிவிடுங்கள். குளமே இல்லாமல் அந்தப் புல் மட்டும் இருந்திருந்தாலும் பந்து காணாமல் போயிருக்க முடியுமா? முடியும் என்றால் உங்களுக்கு உறுதி இல்லை.

என்னோடு ஆடத் தொடங்கிய ஒருவர் தன் முதல் மாதாந்திரப் போட்டியில் இப்படித்தான் மாட்டிக்கொண்டார். டீ அடி கரைப்புல் பக்கம் போனது, நாங்கள் யாரும் விழுந்ததைப் பார்க்கவில்லை, பக்கத்தில் இருந்தவர்கள் "போயிருக்கும்" என்று சொல்ல, அவர் குளத்தோரம் டிராப் செய்து ஆடி அந்த ஹோலை நல்லபடியாகவே முடித்தார். அடுத்த டீயில் அடித்தும் விட்டார். ஆட்டம் முடிந்து கார்டு கொடுக்கும்போது பேச்சு வந்தது. உறுதி இல்லாமல் டிராப் செய்தது தவறான இடத்திலிருந்து ஆடியதாகும், அதற்கு இரண்டு அடி அபராதம். அதோடு டீக்குத் திரும்பாமல் அவ்வளவு தூரம் முன்னாலிருந்து ஆடியது பெரிய மீறல், அதை அடுத்த ஹோலைத் தொடங்குவதற்கு முன் சரிசெய்யாததால் தகுதி நீக்கம். அவர் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. அவருக்கு அன்று ஒருவர் சரியாகச் சொல்லியிருக்கலாம், அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

உறுதியாகிவிட்டது என்றால் அடுத்து நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் முளை அல்லது மஞ்சள் கோடு இருந்தால் இரண்டு வழி, சிவப்பு என்றால் மூன்று. எந்த நிறமும் குறிக்கப்படாத குளம் சிவப்பாகவே கொள்ளப்படும். முளைகளும் கோடும் பெனால்டி ஏரியாவுக்குள் சேர்ந்தவை. பந்தின் ஒரு ஓரம் கோட்டைத் தொட்டாலும் அது உள்ளே இருப்பதாகத்தான் கணக்கு.

எல்லா நிறத்துக்கும் பொதுவானது, முன்பு அடித்த இடத்துக்கே திரும்பிப் போவது. டீயிலிருந்து அடித்திருந்தால் மறுபடி டீயிலேயே வைத்து அடிக்கலாம், அது மூன்றாவது அடி.

இரண்டாவது வழி, கோட்டில் பின்னால் போவது. பந்து கடைசியாக எல்லையைக் கடந்த இடம் ஒன்று, கொடி நிற்கும் குழி ஒன்று. இந்த இரண்டையும் சேர்த்து ஒரு நேர்கோடு இழுத்து, அதைப் பின்பக்கமாக நீட்டினால், அந்தக் கோட்டின் மேல், பெனால்டி ஏரியாவுக்கு வெளியே, எவ்வளவு தூரம் பின்னால் வேண்டுமானாலும் டிராப் செய்யலாம். 2023இல் வந்த மாற்றப்படி, கோட்டின் மேல் பந்து முதலில் தரையைத் தொடும் புள்ளியிலிருந்து எந்தத் திசையிலும் ஒரு கிளப் நீளத்துக்குள் அது நின்றால் சரி.

சிவப்புக்கு மட்டும் மூன்றாவது வழி: பந்து கடைசியாக எல்லையைக் கடந்த புள்ளியிலிருந்து இரண்டு கிளப் நீளத்துக்குள், குழிக்கு அந்தப் புள்ளியைவிட நெருங்காமல், பக்கவாட்டில் டிராப். கிளப் நீளம் என்றால் உங்கள் பையில், பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டரைத் தவிர மிக நீளமான கிளப், வழக்கமாக டிரைவர். 45 அங்குல டிரைவர் என்றால் இரண்டு நீளம் சுமார் 2.3 மீட்டர். குளத்தின் எதிர்க்கரையிலும் டிராப் செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள்; அது பழைய விதி, இப்போது உள்ளூர் விதி இருந்தால் மட்டுமே. டிராப் செய்யும்போது முழங்கால் உயரத்திலிருந்து விடுங்கள்.

இதில் எல்லாரும் தடுமாறுவது "கடைசியாகக் கடந்த புள்ளி". தண்ணீரில் விழுந்த இடம் இல்லை அது, எல்லையைத் தாண்டி உள்ளே நுழைந்த இடம். பந்து குளத்துக்கு மேல் நூறு கஜம் பறந்து நடுவில் விழுந்திருந்தால், புள்ளி உங்கள் பக்கத்துக் கரையில் இருக்கும். மாறாக, கிரீனுக்கு (குழியைச் சுற்றி மிக ஒட்ட வெட்டிய புல்தரை) முன்னால் இருக்கும் குளத்தைத் தாண்டி, எல்லைக்கு வெளியே அந்தப் பக்கத்துக் கரையில் விழுந்து, பின்னால் உருண்டு தண்ணீருக்குள் போயிருந்தால், புள்ளி கிரீன் பக்கத்துக் கரையில் இருக்கும். மஞ்சளானால் கோடு உங்களைத் தண்ணீருக்கு இந்தப் பக்கமே கொண்டுவந்துவிடும், சிவப்பானால் அந்தப் பக்கத்திலேயே டிராப் கிடைக்கலாம். துல்லியமாக அளக்க யாராலும் முடியாது, விதியும் அதைக் கேட்பதில்லை. நியாயமாக மதிப்பிட்டால் போதும். பெரிய ஆட்டக்காரர்களுக்குள்ளேயே இதில் கருத்து வேறுபாடு வரும். 2022 பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்பில், ஃப்ளோரிடாவின் டிபிசி சாகிராஸில், 16ஆவது ஹோலில் டேனியல் பெர்கரின் பந்து எங்கே எல்லையைக் கடந்தது என்பதில் கூட ஆடிய விக்டர் ஹோவ்லாண்டும் ஜோயல் டாமனும் அவரோடு ஒத்துப்போகவில்லை, அங்கேயே நின்று பேச வேண்டியிருந்தது. அதனால்தான் முதலிலேயே அந்த மரத்தைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன்.

இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு டைகர் உட்ஸ் கதை இருக்கிறது. 2013 மாஸ்டர்ஸ், இரண்டாம் நாள், 15ஆவது ஹோல். அவர் அடித்த மூன்றாவது அடி கொடிக்கம்பத்தில் பட்டுத் திரும்பித் தண்ணீருக்குள் போனது. உறுதி பற்றிச் சந்தேகமே இல்லை, எல்லாரும் பார்த்தார்கள். முன்பு அடித்த இடத்துக்கே போய் டிராப் செய்வதைத்தான் தேர்ந்தெடுத்தார், ஆனால் இரண்டு கஜம் பின்னால் போய் டிராப் செய்ததாக ஆட்டத்துக்குப் பிறகு பேட்டியில் அவரே சொன்னார். அன்றைய விதி அதே இடத்துக்கு முடிந்தவரை அருகில் என்றது. மறுநாள் காலையில் இரண்டு அடி அபராதம் சேர்ந்தது, அந்த ஹோலின் ஆறு எட்டானது. இன்றைய விதி முந்தைய இடத்திலிருந்து ஒரு கிளப் நீளம் தாராளம் கொடுக்கிறது, அப்படியும் இரண்டு கஜம் அதற்குள் அடங்காது.

உறுதி இல்லை என்றால் பேசுவதற்கு அதிகம் இல்லை. மூன்று நிமிடம் முடிந்ததும், புரவிஷனல் அடித்திருந்தால் அதுதான் உங்கள் பந்து. டீயிலிருந்து என்றால் கணக்கு: முதல் அடி ஒன்று, அபராதம் ஒன்று, புரவிஷனல் மூன்றாவது, அடுத்து நீங்கள் அடிப்பது நான்காவது. புரவிஷனல் இல்லையென்றால் டீக்கு நடந்து போங்கள். நட்பு ஆட்டங்களுக்கும் சாதாரண கிளப் ஆட்டங்களுக்கும், திரும்பி நடக்காமல் இரண்டு அடி அபராதத்தோடு பந்து தொலைந்த பகுதிக்கு நேராக ஃபேர்வே ஓரத்தில் டிராப் செய்ய ஒரு உள்ளூர் விதியை 2019 முதல் குழுக்கள் வைத்துக்கொள்ளலாம். கார்டில் அது இருக்கிறதா என்று பார்க்கத்தான் முன்பே படிக்கச் சொன்னேன். பந்து பெனால்டி ஏரியாவில் இருப்பது உறுதியானால் அந்த விதி பொருந்தாது.

புரவிஷனல் நல்ல இடத்தில் கிடக்கிறது, முதல் பந்து தண்ணீரில் போனது உறுதியாகிவிட்டது, அப்போது எது வசதியோ அதை எடுத்துக்கொள்ளலாமா? முடியாது. உறுதியான நிமிடமே புரவிஷனல் செத்துவிட்டது. அதை எடுத்துப் பையில் போட்டுவிட்டுப் பெனால்டி ஏரியா விதிப்படிதான் போக வேண்டும், அது கிரீன் ஓரத்தில் கிடந்தாலும். அதே போல முதல் பந்து பெனால்டி ஏரியாவுக்கு வெளியே மூன்று நிமிடத்துக்குள் கிடைத்துவிட்டால், எவ்வளவு மோசமான இடமாக இருந்தாலும் ஆட்டத்தில் இருப்பது முதல் பந்துதான். இன்னொன்று: உறுதியோடு டிராப் செய்து பந்தை ஆட்டத்தில் வைத்த பிறகு பழைய பந்து கரையில் சிரித்துக்கொண்டு கிடந்தாலும் அதைத் தொடாதீர்கள். அது இனி உங்கள் பந்து இல்லை.

பந்து பெனால்டி ஏரியாவுக்குள்ளேயே, அடிக்கக்கூடிய நிலையில் கண்ணில் பட்டால் அபராதம் இல்லாமல் அப்படியே அடிக்கலாம். 2019 முதல் கிளப்பைத் தரையில் ஊன்றலாம், தண்ணீரைத் தொடலாம், சருகை அகற்றலாம். முடியும் என்பதற்காகச் செய்ய வேண்டும் என்றில்லை. 1999 ஓபன், கார்னூஸ்டி, கடைசி ஹோல்: மூன்று அடி முன்னிலையோடு வந்த ஃபிரான்ஸின் ஜான் வான் டி வெல்டின் மூன்றாவது அடி பாரி பர்ன் ஓடையில் விழுந்தது. அவர் காலணியைக் கழற்றிவிட்டு ஓடையில் இறங்கி நின்று யோசித்தார், பிறகு டிராப் எடுத்தார், ஏழில் முடித்தார், சமனை முறிக்க ஆடிய பிளே ஆஃபில் பால் லாரி வென்றார். ஓடையில் இறங்கியதை வைத்து அவரைக் குறை சொல்கிறவர்கள் உண்டு, ஆனால் தண்ணீருக்குள்ளிருந்து அடிக்காமல் வெளியே வந்த முடிவு சரியானது என்றே நான் நினைக்கிறேன். புதியவர்களுக்கு நான் சொல்வது, பந்தின் பாதியாவது தண்ணீருக்கு மேலே தெரியாவிட்டால் டிராப் எடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மைதானத்தில் நிற்கும்போது சந்தேகம் தீரவில்லை என்றால், மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளே போட்டியில் ஒரு வழி இருக்கிறது. அடுத்த அடிக்கு முன்னால் "இரண்டு பந்து ஆடப் போகிறேன், விதி அனுமதித்தால் இந்தப் பந்தின் கணக்கு வேண்டும்" என்று உங்கள் கணக்கை எழுதும் மார்க்கரிடமோ கூட ஆடுகிற இன்னொருவரிடமோ சொல்லிவிட்டு, இரண்டு பந்தையும் அந்த ஹோலில் ஆடி முடியுங்கள். கார்டைக் கொடுப்பதற்கு முன் குழுவிடம் நடந்ததை அப்படியே சொல்லுங்கள், இரண்டு பந்துக்கும் ஒரே எண்ணிக்கை வந்திருந்தாலும் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் தகுதி நீக்கம். அங்கே அவர்கள் முதலில் கேட்கப் போவது தண்ணீர் தெறித்ததை யார் பார்த்தது, கரையில் புல் எவ்வளவு உயரம் என்பவைதான்.